பாத்ரூம் இல்லாத சார்ஜிங் ஸ்டேஷனில் நான் பெண் பார்த்த கதை

மின்சாரக் கார் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒருவாட்டி சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போகும்?" வண்டிக்கு சார்ஜ் ஏறுகிற நேரத்தில் வண்டியில் வந்த மனிதர்கள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் என் கல்யாணப் பேச்சு பட்டாபிராம் பக்கம் ஒரு பொட்டலில், கொளுத்தும் வெயிலில், "எனக்கு பாத்ரூம் வோணும்!" என்று என் அம்மா போட்ட கூச்சலோடு இனிதே தொடங்கியது.

இதைச் சொன்னால் "ஐயையோ, மானமே போயிருக்குமே" என்று வருத்தப்படுகிறார்கள். போனது உண்மைதான். ஆனால் யாருடைய மானம் போயிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். மண்ணூர்பேட்டையில் வாடகை வீடு. காருக்கு பிளக் பாயின்ட் போட வீட்டுக்காரர் விடமாட்டார் ("ஒன் காரு குடிச்சது போக என் மோட்டாருக்கு கரன்ட் மிஞ்சுமா?"). இருந்தும் ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கிவிட்டேன். வாங்கியதோடு நிறுத்தினேனா? டீக்கடையில் யார் சிக்கினாலும் புகை இல்லாத உலகம் பற்றி வகுப்பெடுப்பேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடியவர்கள் உண்டு.

நெமிலிச்சேரியில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமா அப்போதே சொன்னார்: "மாப்ளே, டிரெய்ன்ல போய்டலாம்டா. எறங்குனா நடக்கற தூரம்."

"கார் வெச்சுகினு டிரெய்ன்ல போறதா?" என்று நான் மீசையைத் தடவினேன். (மீசை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அந்த இடத்தைத் தடவினேன்.)

அன்று காலை தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு ரவுண்டு அடித்துக் காட்டியதில் பாதி சார்ஜ் காலி. மீதியே போதும் என்று அம்மாவையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அம்மா பட்டுப்புடவையில் வியர்க்கக்கூடாதென்று ஏசி முழு வேகத்தில் ஓடியது. அம்மாவுக்கு சர்க்கரை உண்டு. அதோடு வழியில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி, "தெம்பா இருக்கும்" என்று இரண்டு இளநீர் குடித்திருந்தாள். ஆவடி நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. பட்டாபிராம் நெருங்கும்போது திரையில் சிவப்பாக ஒரு ஆமைப் படம் வந்தது. இனி இந்த வேகத்தில்தான் போவேன் என்று வண்டி சொல்கிறது என்று அர்த்தம். சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பியும் பார்த்தார்.

நல்லவேளையாக ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் கண்ணில் பட்டது. இரண்டு மெஷின். ஒன்றுக்கு பாலிதீன் பை போட்டு மூடியிருந்தது. 'உலகத்தரம்' என்று பெரிய போர்டு. மேலே கூரை இல்லை, உட்கார ஒரு திண்டு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏற்கெனவே சார்ஜ் போட்டு முடித்த ஒரு கால் டாக்ஸி டிரைவர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் கேபிளை மாட்டினேன். அம்மா இறங்கினாள்.

"பாத்ரூம் எங்கடா கீது?"

"இங்க இல்லம்மா."

"இல்லியா? ஸ்டேஷன்னு எழுதிகீறான்?"

"இது சார்ஜிங் ஸ்டேஷன்மா."

"பெட்ரோல் பங்க்ல கீது. போலீஸ் ஸ்டேஷன்ல கூட கீது. இங்க மட்டும் இல்லியா?" (போலீஸ் ஸ்டேஷன் விவரம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.) "சரி, எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி நேரம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், என்னைப் பெற்ற முடிவையே மறுபரிசீலனை செய்வது தெரிந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மகா மட்டமான வசனம் அது.

கல்லில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்தே விட்டார். "இன்னா சார் பேசுற? நமக்கு ஒரு செவுரு போதும். அவங்க எங்க போவாங்க? என்கூட ஓட்டுற பொம்பளைங்க ரெண்டு பேரு இந்தப் பக்கம் சவாரியே எடுக்கறதில்ல, தெரியுமா?"

ஆதரவு கிடைத்ததும் அம்மாவுக்கு வேகம் வந்தது. போர்டில் இருந்த கஸ்டமர் கேர் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல் தேனாக வழிந்தது.

"வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"பாத்ரூம் எங்கம்மா கீது?"

"மேடம், உங்க வண்டிக்கு எந்த கனெக்டர் வேணும்?"

"வண்டிக்கு இல்லம்மா, எனக்கு!"

"மேடம், கேபிள் சரியா மாட்டியிருக்கான்னு ஒருமுறை பாருங்க."

"கேபிள் நல்லாதான் மாட்டிகீது. நான்தான் வந்து மாட்டிகினேன்!"

"அம்மா, மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்று நான் கெஞ்சினேன். "பாக்கட்டும். இத கட்டனவனும் வந்து பாக்கட்டும்" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. "தம்பி, எங்க வந்துகினு கீறீங்க?" நான், "கொஞ்சம் டிராஃபிக் சார்" என்று ஆரம்பிப்பதற்குள் மாமா போனைப் பிடுங்கினார். "சம்பந்தி, டிராஃபிக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பட்டாபிராம் சார்ஜிங் ஸ்டேஷனாண்ட காரு படுத்துகிச்சு. அக்கா பாத்ரூம் போவணும், இங்க இல்ல" என்று உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தார். பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். அந்த வசதியும் அங்கே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கூட்டரும் பின்னாலேயே ஒரு பைக்கும் வந்து நின்றன. ஸ்கூட்டரில் பட்டுப்புடவை கட்டி ஹெல்மெட் போட்ட ஒரு பெண். பைக்கில் பெண்ணின் அப்பா, கையில் பிளாஸ்க், கூடையில் பஜ்ஜி. அம்மாவின் போன் சண்டை அப்போதும் முடியவில்லை. ஹெல்மெட் பெண் இறங்கிவந்து கொஞ்சம் கேட்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின. பிறகு அம்மாவிடமிருந்து போனை வாங்கினாள்.

"மேடம், புகார்னு பதிவு பண்ணிக்கங்க. பாத்ரூம் வேணும். குடிக்கத் தண்ணி, உக்கார பெஞ்சு, மேல ஒரு கூரை. மெஷினுக்குக் கூட பை போட்டு வெச்சிருக்கீங்க, மனுஷங்க வெயில்ல நிக்கறாங்க. நாளைக்கு மறுபடி கூப்பிடுவேன்." போனை வைத்துவிட்டு, "அத்தே, ஏறுங்க. ஊடு பக்கந்தான்" என்றாள். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

நான் அசடு வழிய, "பொண்ணு ஊட்ல ரெடியாவறாங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் பஜ்ஜித் தட்டை கார் பானெட்டில் வைத்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இப்போ ஒங்க அம்மாவ ஏத்தினு போச்சே, அதான் தம்பி பொண்ணு."

ஆக, நான் பெண் பார்த்தாகிவிட்டது. நீல நிற ஹெல்மெட், கண்ணாடியில் கொஞ்சம் கீறல்.

பானெட்டைச் சுற்றி நின்று பஜ்ஜி சாப்பிட்டோம். டாக்ஸி டிரைவரும் சேர்ந்துகொண்டார். "படுத்துக் கண்ணு மூட ஒரு பெஞ்சு, பக்கத்துல ஒரு டீக்கடை, இது போதும் அண்ணாத்தே, ராஜா மாதிரி சார்ஜ் போடுவேன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, பெண் வீட்டு பஜ்ஜியில் வாழைக்காய் நன்றாக வெந்திருப்பதாகச் சான்றிதழும் கொடுத்தார். மாமாவும் பெண்ணின் அப்பாவும் ஜாதகம் பேச ஆரம்பித்தபோது கரன்ட் போனது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. என் வியர்வை மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா திரும்பி வந்தபோது தலை நிறையப் பூ, நெற்றியில் புதுக் குங்குமம், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஸ்கூட்டரை ஓட்டி வந்தது பெண்ணின் அம்மா.

"பேசி முடிச்சிட்டேன். ஐப்பசில கல்யாணம்."

"நான் இன்னும் பொண்ணையே பாக்கலியேம்மா!"

"அது உன்ன பாத்துச்சாம். போதும்."

பெண்ணின் பெயர் கல்பனா. முகத்தைப் பிறகு பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கல்யாணமான புதிதில், இந்தக் கூத்தைப் பார்த்தும் ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன். "ஒங்கள யாரு பாத்தா? அத்தே போன்ல போட்ட சண்டையப் பாத்தேன். இந்த ஊட்டுக்குப் போனா நமக்காகச் சண்ட போட ஒரு ஆளு கீதுன்னு தோணுச்சு" என்றாள். நான் அவளுக்குக் கொசுறாகக் கிடைத்தவன்.

அதன்பிறகு மாமியாரும் மருமகளும் முறை போட்டுக்கொண்டு அந்த நம்பரைக் கூப்பிட்டார்கள். டாக்ஸி டிரைவரும் தன் கூட்டாளிகளைத் தூண்டிவிட்டார். கம்பெனிக்காரர்கள் எதற்குப் பயந்தார்களோ தெரியாது, ஒருநாள் அங்கே பாத்ரூம் முளைத்தது. அம்மாவே போய்த் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் மட்டும் இல்லை. நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்தேன். அம்மாவுக்கு அப்புறம் கல்பனா. அவளுக்கு அப்புறம் யாரோ ஒரு குடும்பத்துப் பெண்கள், "அண்ணா, அப்படியே கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்றார்கள். பிடித்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். ஒருகாலத்தில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்ன அதே ஆள்.

கல்பனா அங்கேயே உட்கார்ந்து அந்த ஸ்டேஷன் ஆப்பில் விமர்சனம் எழுதினாள்: 'பாத்ரூம் உண்டு. தண்ணீர் வருகிறது. தாழ்ப்பாள் கிடையாது, கணவரை அழைத்து வரவும்.'

அதை மாமா படித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், பந்திக்கு நடுவிலிருந்து அவர் குரல்தான் முதலில் கேட்கும்: "வா தாழ்ப்பாளு, சாப்ட்டியா?"