முழங்கால் தண்ணீரில் எடுத்த போட்டோ

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் இங்கே சுகம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன், நான் சுகமாக இல்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றபடி இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கவும், படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் அந்த போட்டோதான். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், தொலைபேசி நிலையத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, நாங்கள் இப்போது தங்கியிருக்கிற இதே ஊருக்கு வந்தோமே, ஐஸ் ஃபேக்டரிக்கு மேலே இருந்த அறையில், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல பேன்ட்டோடு, ஒருவர் வெளியே போனால் மற்றவர் போர்வைக்குள் என்று வாழ்ந்தோமே, அப்போது கடற்கரை போட்டோக்காரரிடம் கடலில் மூழ்குகிறவர்கள் மாட்டும் காலி சிலிண்டரையும் முகமூடியையும் இரவல் வாங்கி என்னை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது யார்? இப்போதுதான் கடலடியிலிருந்து வந்தவன் போலத் தெரியட்டும் என்று தலையில் ஒரு வாளி உப்புத்தண்ணீரை ஊற்றியது யார்? அதைக் கொண்டுபோய் தங்கை கண்ணில் படுகிற மாதிரி வீட்டு மேஜைமேல் வைத்தது யார்? எல்லாம் நீதாண்டா! மன்னிக்கவும், மச்சான் ஆவதற்கு முந்தைய 'டா' பதற்றத்தில் வந்துவிட்டது. அவள் வந்த வரன் மூன்றையும் தள்ளிவிட்டு, "கடலுக்கடியில போய்ட்டு வந்தவரையே கட்டிக்கிறேன்" என்று நின்றாள். நானும் கல்யாணமான புதிதில் அவள் கேட்கக் கேட்க, பச்சை மீன், மஞ்சள் மீன், என் கையைத் தொட்டுவிட்டுப் போன கோடு போட்ட மீன் என்று அளந்துவிட்டேன். பிறகு பிள்ளைகளுக்கும் அளந்தேன். இப்போது அந்தப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, அப்பா மறுபடி ஒரு முறை மூழ்கட்டும், அம்மாவும் கூடப் போகட்டும் என்று எங்களை இங்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

ஊர் அடையாளமே தெரியவில்லை, மச்சான். ஐஸ் ஃபேக்டரி இருந்த இடத்தில் நடனக்கூடம். சாயங்காலம் ஆனால் தெருவே திம்திம் என்று அதிர்கிறது. வாசலில் நிற்கிற தடியர் புறங்கையில் முத்திரை குத்தித்தான் உள்ளே விடுகிறார், நாங்களும் குத்திக்கொண்டு போனோம். வண்ண விளக்குகள் சுற்ற, இளசுகள் குதிக்க, நான் கூரையைக் காட்டி, "அங்கதான் எங்க கட்டில் இருந்துச்சு, உங்கண்ணன் பேன்ட்டை ஜன்னல்ல காயப்போடுவான்" என்று உங்கள் தங்கை காதில் கத்தினேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தாள். கீழே ஐஸ் உடைக்கிற சத்தத்தில் நாம் விழித்த காலைகள், ஜன்னலைத் திறந்ததும் முகத்தில் அறைந்த உப்புக்காற்று, இருபத்தேழு வயதில் நமக்கு இருந்த அந்தத் திமிர், எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு வாரத்துக்கு இன்னமும் ஏங்குகிறேன், மச்சான். நீங்களும் கூட வந்திருக்கலாம்.

மறுநாள் காலை டைவிங் கடையில் உடல்நிலை பற்றி ஒரு படிவம் கொடுத்தார்கள். தப்பிக்க இதுதான் வழி என்று கண்ணாடிகூடப் போடாமல், அதில் இருந்த இருபது கேள்விக்கும் 'ஆம்' என்று குறி போட்டுத் தள்ளினேன். பயிற்சி தருகிற பெண் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள், நேரே உங்கள் தங்கையிடம் போனாள்.

"ஆன்ட்டி, சாருக்கு ஆஸ்துமா, வலிப்பு, காதுல ஓட்டை எல்லாம் இருக்காம். அதோட கர்ப்பமாவும் இருக்காராம்."

"கண்ணாடி இல்லாம எழுதிட்டாரும்மா. இவரு இதுல பழம் தின்னு கொட்டை போட்டவரு" என்று சொல்லி, உங்கள் தங்கையே வேறு படிவம் வாங்கி எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கொடுத்தாள். அடுத்தது ரப்பர் உடை. அதில் ஜிப் முதுகுப் பக்கம் வரவேண்டுமாம், நான் சட்டை மாதிரி முன்பக்கம் வைத்து மாட்டிக்கொண்டு கழுத்து நெரிய நின்றேன். "என்ன சார், பழைய ஆளுன்னாங்களே?" என்றாள் அந்தப் பெண். "எங்க காலத்துல முன்னாடிதாம்மா இருந்துச்சு" என்றேன்.

படகு கரையை விட்டு ஆடத் தொடங்கியதும், காலையில் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போயிற்று. "நீங்க படகுலயே இருங்க சார்" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. உங்கள் தங்கையோ, "நீங்க பார்த்ததை நானும் பாத்துட்டு வந்துடறேன்" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியே விட்டாள். குமிழி வருகிறதா, வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் பொய்யை நம்பி ஒருத்தி கடலுக்குள் போய்விட்டாளே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. எவ்வளவு நேரமோ தெரியாது, எனக்கு அது ஒரு யுகம். மேலே வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "அப்படியே நீங்க சொன்ன மாதிரியேதாங்க! பச்சை மீன், மஞ்சள் மீன், கோடு போட்ட மீன்கூட கையைத் தொட்டுட்டுப் போச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டது என்று சமாளித்தேன்.

இப்போது நீங்கள்தான் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷமாக நம்பினவள் இனி நான் சொல்கிற எதையாவது நம்புவாளா? சொல்லாமல் இருந்தாலோ சோறு இறங்கவில்லை. போன் செய்யவேண்டாம், அவள்தான் எடுப்பாள். வெள்ளிக்கிழமைக்குள் விடுதி முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் வீட்டில் நோய்நொடி எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களால் மாட்டிக்கொண்டு முழிக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் பொறுக்கமுடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், வாளித் தண்ணீர் வரைக்கும். உறையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "அப்ப நானும் சொல்லிடறேன். உள்ள போனதுமே பயந்துபோய்க் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், தொறக்கவே இல்ல. ரெண்டே நிமிஷத்துல மேல கூட்டிட்டு வரச் சொல்லிக் கையைக் காட்டிட்டேன். ஒரு மீனையும் பாக்கல. வந்தா நீங்க பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க. பாவமா இருந்துச்சு, நீங்க சொன்னதையே திருப்பிச் சொன்னேன்" என்றாள். ஆகவே பதில் வேண்டாம். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம்: ஆமையைப் பார்த்தோம். நான் சாப்பாட்டு மேஜை அளவு என்றேன், அவள் இரட்டைக் கட்டில் அளவு என்கிறாள். அவள் சொன்னதே இருக்கட்டும். யாராவது கேட்டால் நீங்களும் இரட்டைக் கட்டில் என்றே சொல்லுங்கள்.