ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தைச் செவ்வாய்க்கு மாற்றிய தீர்மானம்

வெள்ளத்தை மண்மூட்டை அடுக்கித் தடுப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. தீர்மானம் போட்டுத் தடுத்த பெருமை, மொராவா ஆற்றங்கரையில் எங்கள் நகராட்சி ஒன்றுக்கே சேரும்.

அந்தப் பெருமைக்குக் கருவியானவர் வுகாஷின். கணக்கு வாத்தியாராக இருந்து, ஆற்றின் மட்டத்தைக் கணிக்கும் வேலைக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவர் பலகையில் எழுதினார்: மட்டம் = 7 − (நாள் − 3)². வெள்ளி முதல் நாள், மூன்று மீட்டர். ஞாயிறு மூன்றாம் நாள்; ஏழு மீட்டர். கரையின் உயரம் ஆறுதான். கவிழ்த்த சட்டி போல ஒரு வளைவு கரைக்கு மேலே எட்டிப் பார்த்தது.

“ஞாயித்துக்கிழமை சாசேஜ் திருவிழா இருக்குய்யா கூமே! அந்த 7-ஐ 5 ஆக்கு” என்றார் மேயர் த்ராகுதின்.

வுகாஷின் தயங்கினார். ஆனால் மேயர் அவருடைய ‘கூம்’, அதாவது கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். எங்கள் பக்கத்தில் கடவுளுக்குக்கூட மறுப்புச் சொல்லலாம். கூமுக்குச் சொல்ல முடியாது. வளைவு அப்படியே இரண்டு மீட்டர் இறங்கிக் கரைக்குள் அடங்கியது.

“உச்சி இன்னும் ஞாயித்துக்கிழமைலயே நிக்குதே. செவ்வாய்க்குத் தள்ளு.”

“அப்போ அடைப்புக்குள்ள மூணை அஞ்சாக்கணும்.”

“கழித்தல்னா பின்னாலதானே போகும்?” என்று கேட்டார் துணை மேயர்.

“எதிர்க்கட்சி மாதிரி பேசாதீங்க!” என்று அவரை அடக்கினார் மேயர்.

வளைவு வலப்பக்கம் நகர்ந்தது. இப்போது சூத்திரப்படி, கூட்டம் நடந்த அந்த வெள்ளிக்கிழமையின் மட்டம் கழித்தல் பதினொன்று.

“ஏன்யா இவ்வளவு செங்குத்தா? ஜனங்க பயந்துடுவாங்க.”

வுகாஷின் வர்க்கத்தின் முன்னால் ‘கால்’ (¼) போட்டார். வளைவு காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மட்டம் ஒரு மீட்டர் என்றாயிற்று. சன்னலுக்கு வெளியே ஆறு மூன்று மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. சன்னலைச் சாத்திவிட்டுத் தீர்மானத்தின் மேல் வட்ட முத்திரையைக் குத்தினார்கள்.

மாலையில் கீழ்த்தெரு பெர்சிதா போன் செய்தாள். “வாத்தியாரே, எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கை. தூக்க நாலு ஆளு வேணும். மேட்டுக்குக் கொண்டுபோயிடட்டுமா?”

வுகாஷின் முத்திரை குத்திய தாளைப் பார்த்தார். “முத்திரை போட்டாச்சும்மா. வெள்ளம் இல்லை” என்றார்.

ஞாயிறன்று தண்ணீர் பழைய சூத்திரப்படியே வந்தது. தீர்மானத்தின் நகலை ஆற்றுக்கு அனுப்பாதது ஒன்றுதான் குறை. பின்னர் வந்த விசாரணைக் குழு, வளைவு எந்த இடத்திலும் கரையைத் தாண்டவில்லை என்று கண்டு நகராட்சியைப் பாராட்டியது.

பாராட்டுக் கூட்டத்துக்குத் துக்கத்தின் கறுப்பு உடையில் வந்த பெர்சிதா, வுகாஷின் முன்னால் போய் நின்றாள்.

“அந்த வளைவுக் கோட்டை எத்தனை தடவை நகர்த்துனீங்க வாத்தியாரே?”

“மூணு தடவைம்மா.”

“என் புருஷனை ஒரு தடவை நகர்த்த விட்டிருக்கலாமே.”