பவுடர் அண்ணனின் ஒழுகாத வண்டி

மழை வேண்டிச் சாமி கும்பிட்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஓங்கி அடி சாமி, பத்தல" என்று மேகத்திடம் கெஞ்சிய மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் பவுடர் அண்ணன்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், நான் ஒரு விதைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். கடைக்கு எதிரே காதர் பாயின் ஒர்க்‌ஷாப். அதன் மாடியில்தான் எனக்கு ஜாகை. பாய் இன்ஜின் பார்ப்பார். வண்டிக்குள் தண்ணீர் ஒழுகுகிறது என்று யாராவது வந்தால் மட்டும் கையை உதறிவிட்டு, "அது பவுடர் கேஸு, அவனாண்ட போ" என்பார். பழைய வண்டிகளில் மழைத்தண்ணி எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் அண்ணனுக்குப் பிழைப்பு. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

பெயர்க்காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, வண்டியின் தரையிலும் ஓரங்களிலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிடுவார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே நின்று நாங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் கீழேயிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே போகணும். எடுத்த எடுப்பில் கூரைமேல் கொட்டிவிட்டால் உள்ளேயிருந்து வரும் வசவைப் பத்திரிகையில் எழுத முடியாது. தண்ணி நுழைந்த வழி பவுடரில் கோடு போட்ட மாதிரி தெரியும். உடனே, "நிறுத்து, நிறுத்து! மாட்டிக்கினான்!" என்று ஒரு கூச்சல் கிளம்பும். திருடனைப் பிடித்த போலீஸ்காரர்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். கதவைத் திறந்தால் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை. "கல்யாணப் பொண்ணு இருக்கற வூட்டுலகூட இத்தினி டப்பா வாங்க மாட்டாங்கடாப்பா" என்று மூலைக்கடை அம்மா அலுத்துக்கொள்ளும்.

"தம்பி, தண்ணி நுழையற எடம் வேற, சொட்டற எடம் வேற. சொட்டற எடத்தப் போயி அடைக்கிறவன் சுத்த மடையன்" என்பார். நான் கேட்காவிட்டாலும் சொல்வார்.

தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பண்ணைக்காரர் காரைக் கொண்டுவந்து விட்டார். பின்சீட்டுக்கு அடியில் எப்போது பார்த்தாலும் ஈரமாம். அண்ணன் முன்கண்ணாடியைக் கழற்றினார், பின்கண்ணாடியைக் கழற்றினார், கதவு ரப்பரையெல்லாம் உரித்துப் புதுசாக ஒட்டினார். வண்டி ஊருக்குப் போகும், மறுபடி ஈரத்தோடு திரும்பி வரும். கடைசியில் ஒருநாள் பண்ணைக்காரரின் சம்சாரமும் கூட வந்தார். காரைவிட்டு இறங்கியதும் சீட்டுக்கடியில் கையை விட்டு ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்தார். வாடக்கூடாது என்று ஈரத்துணியில் சுற்றி, சொட்டச் சொட்ட அங்கேதான் வைப்பாராம். இறங்கும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டும் போய்விடுவாராம்.

அண்ணன் அசரவேயில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனில்ல, இது மழைத்தண்ணி இல்லன்னு?" என்றார். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார்? சத்தியமாகச் சொல்லவேயில்லை! காதர் பாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார்.

ஊரார் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்த இந்த மனிதரின் சொந்த வேன், வருஷக்கணக்கில் ஒர்க்‌ஷாப் ஓரத்தில் எங்கும் போகாமல் நின்றது. கிண்டல் பண்ணுவோம். பாய்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

அண்ணனுக்குக் கல்யாணமான புதுசு. பெண்ணுக்கு ஊர் கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலை. அங்கே சின்னதாய் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள் அஞ்சலை. தலை ஆடிக்கு அம்மா வீடு போயிருந்த பெண்ணை, ஆவணி பிறந்ததும் அந்த வேனிலேயே அழைத்துக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் நேராகப் பெண்ணின் உச்சந்தலையில். தலையைத் துவட்ட ஒரு துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டுமா இல்லையா? இவர் வண்டியை நிறுத்திவிட்டு, "அசையாத அஞ்சலை, அப்படியே இரு, எங்கேர்ந்து வருதுன்னு பாத்துக்கறேன்" என்றாராம். புதுப்புடவைச் சாயம் கழுத்தில் வழிய, அந்தப் பெண் அசையாமல் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கும்? எதிரே மலை ஏறிவந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி, அம்மா வீட்டுக்கே போய்விட்டது. சமாதானம் பேசப் போனவர்களிடம், "ஒழுகாத வண்டி எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, அப்பறம் வரேன்" என்று சொல்லியனுப்பியதாம்.

அன்றைக்குத் தூக்கிய பவுடர் டப்பாவை அவர் கீழே வைக்கவில்லை. ஒரு இடத்தை அடைப்பார், இன்னொரு இடத்தில் கோடு விழும். "இந்த ஒரு மழை தாங்கட்டும் தம்பி, போயிடறேன்" என்பார். மேற்கே மலைமேல் கருக்கல் கட்டிவிட்டால் செய்கிற வேலை அப்படியே நின்றுவிடும். "அங்க பேயுது" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் கிண்டல் பண்ண வாய் வராது.

ஒரு ஐப்பசியில் நல்ல அடைமழை. வேனுக்குள் சொட்டுக்கூட விழவில்லை. ஆனாலும் அண்ணன் கிளம்புகிற வழியாயில்லை. காதர் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "இன்னிக்கி நீ போவலன்னா, ஒன் வண்டிய நானே கொளுத்திடுவேன். ஏர்றா!" என்று தள்ளி ஏற்றினார். துணைக்கு நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம்.

மலைப்பாதை முழுக்க மழை கொட்டுகிறது. கூரை கம்முனு இருக்கிறது. அண்ணன் ரோட்டைப் பார்த்ததைவிடக் கூரையைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. பாதி மலை ஏறியதும் என் காலில் ஜில்லென்று பட்டது. குனிந்தால், தரையெல்லாம் தண்ணீர்! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அது முன்னாலிருந்து பின்னால் போய், பின்னாலிருந்து முன்னால் வந்தது. பவுடர் கரைந்து மோர் மாதிரி ஆகிவிட்டது.

"அடேய், கீழ இருந்த ஓட்டையெல்லாம் இன்னா பண்ண?" என்றார் பாய்.

"ஒண்ணு வுடாம அடைச்சிட்டேன் பாய்."

"அதெல்லாம் கண்ணாடிக்குக் கீழ எறங்கற தண்ணி வெளிய போறதுக்கு வெச்ச ஓட்டைடா, பாவி!"

"ஓட்டைன்னா ஓட்டைதானே பாய்?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் பிரேக்கை மிதித்தார். "திரும்பிடலாம் பாய். சரி பண்ணிக்கினு அடுத்த மழைக்கு வந்துக்கலாம்." நல்லவேளை, வேனைத் திருப்ப அந்தப் பாதையில் இடமில்லை.

வெள்ளிமலையில் மளிகைக்கடைக்கு முன்னால் நிறுத்தினோம். அண்ணன் கதவைத் திறந்ததுதான் தாமதம், தண்ணீர் குபுகுபுவென்று வெள்ளையாகக் கொட்டியது. சத்தம் கேட்டுக் கடையிலிருந்து அஞ்சலை அண்ணி வெளியே வந்து நின்றார்.

"இன்னா இது?"

"மேல ஒழுகல அஞ்சலை. ஒரு சொட்டு இல்ல. கீழதான் கொஞ்சம்..."

"வண்டி ஒழுகுதா இல்லையான்னு இப்ப யாரு கேட்டா?"

"நீதான சொல்லியனுப்ன?"

"கோவத்துல சொல்றதுதான்! அதப் புடிச்சிக்கினு இத்தினி வருஷம் தகரத்துக்கு ரப்பர் ஒட்டிக்கினு இருந்தியா? இந்த ஊருக்கு பஸ்ஸே இல்லியா? ஒரு நாளு பஸ்ஸுல வந்து, வா போலாம்னு கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?" சொல்லும்போதே அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நின்றபடியே அழுதார்.

அண்ணன் சட்டையைக் கழற்றி அண்ணி தலைமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். எனக்கும் கண் கலங்கியது. பாய் கடையிலிருந்த வெல்லத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கீழே வரவில்லை. அப்பா படுத்த படுக்கை, கடையைப் பார்க்க ஆளில்லை. "நீ இங்கயே இரு" என்றார். அண்ணன் "சரி" என்றார். அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயும் நானும் பஸ் ஏறினோம்.

அடுத்த மழைக்கு வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, "பவுடர் எங்க பாய்?" என்றார். "பொண்டாட்டிகூட இருக்கான், நல்லாருக்கான்" என்று பாய் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவர் போனதும், "இருந்தாலும் அவன் இல்லாம ரோடே நல்லா இல்லடா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த வருஷம் வேலை மாறி நானும் ஊரைவிட்டு வந்துவிட்டேன். பிறகு அவரைப் பார்க்கவேயில்லை.

இப்போதும் செய்தியில் கல்வராயன் மலையிலும் இங்கேயும் கனமழை என்று சொன்னால், என் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி எனக்கு ஞாபகம் வருவதில்லை. 'அண்ணன் நனையாம இருக்கணுமே' என்றுதான் முதலில் தோன்றுகிறது.