இணையத்தில் வெட்டிய வெள்ளாமை

கல்யாணம் பேசி முடித்த வீட்டில் மாப்பிள்ளை தன் திறமையைக் காட்டக் கூடாது. கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, சலாம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். இந்த ஞானம் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

அப்போது கல்முனையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். மாமாவாகப் போகிறவருக்குச் சம்மாந்துறையில் வயல் இருந்தது. புதிதாக ஓர் அரிசி மில்லும் கட்டியிருந்தார். மில் திறப்பு விழாவில் திரையில் போட ஒரு வீடியோ செய்து தருகிறேன், அவருடைய வயலில் வெள்ளாமை வெட்டுவதையும் காட்டுவோம் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை.) கமராவோடு போன அன்று வயலில் வைக்கோல்தான் கிடந்தது. நெல்லை எப்போதோ வெட்டி ஏற்றிவிட்டார்கள்.

இணையத்தில் தேடினேன். அல்ஹம்துலில்லாஹ், ட்ரோனில் எடுத்த அருமையான வீடியோ ஒன்று கிடைத்தது. விளைந்த வயல், வெட்டு மெஷின், பின்னால் கொக்குக் கூட்டம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், எடுத்தவரின் பெயரைப் போட்டால் போதும் என்று கீழே தமிழிலேயே எழுதியிருந்ததாம். அதையெல்லாம் யார் வாசிப்பது? மூலையில் இருந்த பெயர் மட்டும் கண்ணை உறுத்தியது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, பெயரை வெளியே தள்ளிவிட்டேன். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு எல்லா வயலும் ஒன்றுதான்.

விழாவில் துஆ முடிந்து வீடியோ ஓடியது. 'எமது சொந்த வயலில் விளைந்த நெல்' என்று என் குரல் முழங்க, மாமா நெளிய ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். பக்கத்து வயல்கார ஹாஜியார். வரம்புச் சண்டையில் மாமாவோடு வருஷக்கணக்காகக் கதை பேச்சில்லாமல் இருந்தவர், அன்றுதான் ராசியாகி வந்திருந்தார்.

"இது என்ட வயல். வரம்புல நிக்கிறது நான். எடுத்தது என்ட மகன்," என்றார் நிதானமாக. "வரம்பத்தான் வெட்டுறீங்க எண்டு நினைச்சன். இப்ப வயலோட எடுத்திட்டீங்களா?"

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. என் கல்யாணம் கண்முன்னே கவிழ்வது தெரிந்தது. எனக்குப் பேசியிருந்த றிஸ்னாவை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் எழும்பி, மாமாவுக்கு ஒன்றும் தெரியாது, களவெடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். பெயரை வெட்டியதையும் சேர்த்து உளறிவிட்டேன். ஹாஜியாரின் மகன் சிரித்துவிட்டு, பெயரைப் போட்டு ஓட்டினால் போதும் என்றான். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, அவன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு மறுபடி ஓட்டினேன். ஹாஜியார் இன்னொரு தரமும் போடச் சொன்னார்.

பிறகு மாமாவும் ஹாஜியாரும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். இந்தக் கள்ளனுக்கா மகளைக் கொடுக்கிறீர்கள் என்று ஹாஜியார் கேட்டார்.

"எப்படியும் நம்மட ஊட்டுக்குத்தானே வந்து இரிக்கப் போறாரு," என்றார் மாமா. "கள்ளன் ஊட்டுக்குள்ளயே இரிந்தா ஊருக்குப் பயமில்ல." (எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார்.)

குடியேறினேன். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள், அச்சு அசலாக றிஸ்னா. மாமா பிள்ளையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "மருமகன், இதுலயாவது எடுத்த இடத்துட பேரப் போடுங்க," என்றார்.

அந்தப் பகிடி இன்னும் ஓயவில்லை. யார் வந்து பிள்ளையைக் கொஞ்சினாலும் மாமி உள்ளேயிருந்து சொல்வார்: "ஓம், எங்கட றிஸ்னாட முகந்தான். மருமகன் அனுமதி எடுத்துத்தான் பாவிச்சிரிக்காரு."