ஆற்றைத் தாண்டினால் தெரியும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

எடைக்கருவிச் சோதனைக்கூடத்தில் உங்கள் மகளுக்கு அடுத்த மேஜைக்காரன், நேற்று நீங்கள் சட்டைக் காலரைப் பிடித்த அதே இன்ஜினியர், வணக்கத்துடன் எழுதுவது. இங்கு காலர் தவிர யாவும் நலம். தாங்களும் மூச்சிரைப்பு அடங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. மகளின் போனில் நீங்கள் படித்தது நான் அனுப்பியதுதான். 'உங்க வீட்ல தெரியாது. ஆத்தத் தாண்டி மலைப் பக்கம் போயிடலாம். ரெண்டு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிடும். கண்ணாடி போட்டுக்கிட்டு வந்துடு.' இதில் 'கிரகணம்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் என் சட்டை பிழைத்திருக்கும். காலையிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், எதற்கு வீணாக ஐந்தெழுத்து என்று விட்டுவிட்டேன். கண்ணாடியும் வேஷம் மாற்ற அல்ல, சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்தது. நீங்கள் வந்து நின்று, "எங்க வீட்ல தெரியாதா? எனக்காடா தெரியாது?" என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் வியாதி.

"உங்களுக்கு மட்டுமில்ல சார், உங்க தெருவுக்கே தெரியாது."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும். கூட்டம் கூட்டமா வந்து பார்ப்பாங்க."

"பார்ப்பாங்களா! எத்தனை நாளாடா நடக்குது இது?"

"உலகம் தோன்றின நாள்லேருந்து சார்."

அதற்குப் பிறகுதான் காலர்.

போகட்டும். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் உங்களுக்குக் கிரகணத்தின் அருமை மற்றவர்களைவிட நன்றாகவே புரியும். எந்த நாள், எந்த ஊர், எத்தனை மணி என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி ஒட்டிவிடலாம். டயர் பஞ்சர் கிடையாது, டிரைவர் லீவு கிடையாது, சொன்ன நேரத்துக்கு நிழல் வந்து நிற்கும். என்ன ஒரு அட்டவணை, ஐயா! உலகத்தில் எங்கேயாவது ஏறக்குறைய ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முழுக் கிரகணம் உண்டு, ஆனால் பெரும்பாலும் நடுக்கடலில் மீன்களுக்குத்தான் காட்சி. அதே ஊருக்குத் திரும்பி வரச் சராசரியாக முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். அடுத்தடுத்து வருகிறதெல்லாம் நாம் கப்பலேறிப் போய்ப் பார்க்க வேண்டியவை. இந்த ஒன்றுதான் நம்மைத் தேடி வருகிறது, அதுவும் ஆற்றோடு நின்றுவிடுகிறது. உங்கள் மாடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மறையும். 'அதான் தொண்ணூத்தொம்பது இருக்கே, பத்தாதா'ன்னு கேப்பீங்க. பத்தாது சார். கடைசி பஸ்ஸ ஒரு நிமிஷத்துல விட்டவனும் ஒரு மணி நேரத்துல விட்டவனும் ஒண்ணாத்தானே நடந்து போறான்? மிச்சமுள்ள அந்த ஒரு பங்கு வெளிச்சம் போதும், வானம் கறுக்கவே கறுக்காது. அக்கரை மலையடிவாரத்திலோ பட்டப்பகலில் நட்சத்திரம், கறுத்த சூரியனைச் சுற்றி வெள்ளை ஒளி. நான் பார்த்ததில்லை.

அந்த நிழலின் எல்லையை நான் முதலில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் போட்டிருந்தேன். உங்கள் மகள் ஒரே பார்வையில், "தப்பு, சந்திரனோட தூரத்தைத் தப்பா எடுத்திருக்க" என்றார். மறுபடி போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதே சரி. இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டவரை மொட்டை மாடியில் அந்த ஒரு பங்கு வெயிலில் நிறுத்துவது நியாயமா? முந்நூறு வருஷம் காத்திருக்க அவரால் முடியாது. தயவுசெய்து அனுப்புங்கள்.

எங்கள் இருவருக்கும் நடுவே சூரியனையும் சந்திரனையும் தவிர வேறொன்றும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம். தங்கள் வண்டிகள் யாவும் குறித்த நேரத்துக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
அடுத்த மேஜைக்காரன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் உங்கள் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். நான் உறுதி கூறிய வரிக்கு வந்ததும், "நடுவுல வேறொண்ணும் இல்லையா? ரொம்ப சந்தோஷம், அப்படியே அனுப்பு. நான் எங்க அப்பாகூடப் போய்ப் பார்த்துக்கறேன்" என்று கடிதத்தை என் மேஜையில் வீசிவிட்டுப் போய்விட்டாள். என் தப்பைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆகவே அந்த உறுதிமொழியை அடித்துவிடவும். ஓடிப்போகிற எண்ணம் மட்டும்தான் இல்லை. தவிர, மேலே 'ஐயா' என்றும் 'சார்' என்றும் வருகிற இடங்களிலெல்லாம் 'மாமா' என்று திருத்தி வாசிக்கவும்.