சென்னியப்பன் வீட்டை விட்டுப் போன விஷயம்

அன்பு மகன் சசிகுமாருக்கு மங்கலத்திலிருந்து சித்தப்பா எழுதுவது. இங்கு ரத்த அழுத்தத்தைத் தவிர எல்லாம் நலம். நான்கு நாளாக நீ என் போனை எடுக்காததால், குழப்பமில்லாமல் இருக்க வரிசையாக எழுதுகிறேன்:

1. நம் குடும்பத்துச் சென்னியப்பன்கள் எத்தனை பேர்.
2. எனக்குக் கிடைத்த அஞ்சலட்டை.
3. வீட்டை விட்டுப் போனது உன் அப்பாதான் என்பது.
4. உன் அம்மாவிடம் மன்னிப்பு.

என் தாத்தா ஒரு சென்னியப்பன். அவருடைய மகன்கள் இருவரும் தத்தம் மூத்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒருவர் உன் அப்பா, இன்னொருவன் நான். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாததால், உன் மகன் இளங்கோ கல்யாணத்துக்கு நான் எழுதும் குடும்ப வரலாற்றில் என் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆக, பிரித்தறிய வேண்டியவர்கள் தாத்தா, உன் அப்பா என இருவர்தான்.

1958ஆம் ஆண்டு முத்திரையுள்ள அட்டை என் அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியில், ‘சென்னியப்பன் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான், உடுமலைப் பக்கம் தேடவும்’ என்று இருக்கிறது. தாத்தாவைப் ‘போய்விட்டான்’ என்று எழுதும் துணிச்சல் நம் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. எனவே உன் அப்பாதான் என்று முடிவு செய்து, அச்சிடும் அந்தப் புத்தகத்தில் அப்படியே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அதை வாசித்தபோது உன் அம்மா, “என்னைக் கட்டி ஒரு வருசத்துலயா? எவ ஊட்டுக்குங்க போனாங்க?” என்று கேட்டதும், எழுந்துபோய் உன் அப்பா படத்திலிருந்த மாலையைக் கழற்றியதும், நான் காபியைக் குடிக்காமலே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதும் நீ பார்த்ததுதான். இப்போது உன் அம்மா பேரன் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறாராமே. வருத்தமாத்தான் இருக்குது கண்ணு, ஆனா ஆதாரம் இருக்குதே, நான் என்ன பண்ணட்டும்? வேண்டுமானால் நான் வராமல் இருந்துகொள்கிறேன், அவர் வரட்டும்.

இளங்கோவும் சித்ரகலாவும் குறைவின்றி வாழட்டும்.

சித்தப்பா,
ந. சென்னியப்பன்

பி.கு.: இதை நேரில் கொடுக்க நல்லூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன், நீ கம்பெனிக்குப் போயிருந்தாய். ஆதாரத்தை உன் அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தவர், “இது உங்க அண்ணன் கையெழுத்துங்க. காணாமப் போனவிய, காணோம்னு அவியளே கார்டு போடுவாங்களா?” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார். “ஏனுங் கொழுந்தனாரே, எங்கூட்டுல இருந்து பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாங்கன்னு ஓடிப்போனது ஆருங்க? தென்னந்தோப்புல தூங்கிட்டிருந்தவரைத் தூக்கியாந்தாங்களே!”

எனக்கு அப்போது ஒன்பது வயது. விடுமுறைக்கு உடுமலைப் பக்கம் மாமா ஊருக்குப் போனதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மாலையை நானே திரும்ப மாட்டினேன். காபி கொடுத்தார், குடித்தேன். கல்யாணத்துக்கு வருகிறார். அச்சகத்தில் சொல்லி, அந்த வரியை உன் அப்பாவின் பக்கத்திலிருந்து எடுத்து, காலியாக இருக்கும் என் பக்கத்தில் போடச் சொல். மூன்றாவது குறிப்பு தவறு.