பலகை நழுவியே தீரும்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பது என் வாழ்க்கையில் மிச்சமிருக்கும் ஒரே கொள்கை. மற்றக் கொள்கைகளையெல்லாம் கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அந்த ஒன்றுக்கும் எமனாக வந்தது செருப்பு வைக்கிற அலமாரி. எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒருநாள் ஏதோ குஷியில் மனைவியிடம், "இதுக்கு ஒரு அலமாரி நானே செஞ்சு தரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். மறுநாளே பலகைகள் வந்து இறங்கின. பின்கட்டில் ஒரு பழைய மேஜையும் தயாராக நின்றது. வேறு வழியில்லாமல் பலகை சீவுகிற இழைப்புளியை எடுத்து ஒரு தள்ளு தள்ளினேன். பலகை மேஜையிலிருந்து பாய்ந்து சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"பாத்தியா? இந்த மேஜைல வைஸ் இல்ல!"

"அப்படின்னா?"

"இரும்புத் தாடை. பலகைய அசையாம கவ்விப் பிடிச்சுக்கும். அது இல்லாம இழைக்க உக்காந்தவன் உருப்பட்டதில்ல."

"அப்ப வாங்கிட்டு வாங்க."

"நம்ம மேஜைக்குத் தகுந்த அளவு கடைல இல்ல. வரணுமாம்."

வராது. ஏனென்றால் நான் கடைப்பக்கமே போகவில்லை. அந்த இல்லாத வைஸின் புண்ணியத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

போன ஞாயிறு சாப்பிட்டுவிட்டுத் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் 'டொக் டொக்' என்று சத்தம். போய்ப் பார்த்தால், என் மனைவி வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு மேஜையில் ஐந்தாவது ஆணியை அடித்துக்கொண்டிருக்கிறாள்!

"என்னம்மா பண்றே?"

ஆணிகளைத் துப்பினாள். "பலகைக்கு முன்னால ஒரு முட்டுக்கட்டை. இந்தப் பக்கம் நேரா ஒரு சட்டம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வா ஒரு சட்டம். சாய்வான இடுக்குல இந்த ஆப்பைச் செருகிட்டா முடிஞ்சுது. காத்துல கதவு அடிக்காம இருக்க அடியில கட்டை செருகறோமில்ல? தள்ளத் தள்ள இறுகுதில்ல? அதே சங்கதிதான். எல்லாக் கட்டையும் பலகையவிடத் தணிவு. இழைப்புளி இடிக்காது."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஆனால் உள்ளே தலையணை காத்துக்கொண்டிருக்கிறதே!

"நழுவும்," என்றேன்.

"நழுவாது."

"நழுவியே தீரும்! நான் நிரூபிக்கறேன்."

"சரி. நழுவினா அப்புறம் அலமாரிங்கற பேச்சையே நான் எடுக்க மாட்டேன். நிம்மதியா தூங்குங்க."

இதைவிட நல்ல பந்தயம் எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்? நியாயம் சொல்ல எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டேன். அவரும் என்னைப்போல வீட்டுக்கு அடங்கியவர். எனக்குத்தான் பரிந்து பேசுவார் என்பது என் கணக்கு.

தம் கட்டித் தள்ளினேன். பலகை அசையவில்லை. சீவல்தான் சுருள் சுருளாக வந்து விழுந்தது.

"கொஞ்சம் மெதுவா தள்ளிட்டீங்களோ?" என்றாள் கவலையாக.

என் வீரத்தையா சந்தேகப்படுகிறாள்? பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். ஆப்பு இன்னும் இறுகியது.

"நடுவுல நழுவல. அந்த ஓரத்துல நழுவுமோ என்னவோ."

ஓரத்தையும் ஒரு கை பார்த்தேன்.

"அடிப்பக்கம்? திருப்பிப் போட்டுப் பாத்துடுங்களேன்."

திருப்பிப் போட்டும் பார்த்தேன்.

"ஒரே ஒரு பலகைய வச்சு முடிவு பண்றது நியாயமில்லீங்க. இது கனமான பலகை. மத்ததெல்லாம் லேசு. நழுவினாலும் நழுவும்."

ஐயோ பாவம், விவரம் தெரியாமல் எனக்குச் சாதகமாகவே பேசுகிறாளே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த பலகை, அதற்கடுத்தது என்று வரிசையாக வைத்துத் தள்ளினேன். வாத்தியாரும், "விடாதீங்க சார்!" என்று உற்சாகப்படுத்தினார். பலகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. என் இடுப்புதான் நழுவியது.

கடைசிப் பலகையும் முடிந்ததும் மனைவி அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு! எல்லாப் பலகையும் இழைச்சாச்சு. இனி ஆணி அடிக்கற வேலைதான். அதை நானே பாத்துக்கறேன். நீங்க போய்த் தூங்குங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே பொழுது சாய்ந்திருந்தது. மத்தியானத் தூக்கத்தை இனி எங்கே போய்த் தேடுவேன்? அழுகையே வந்துவிட்டது.

"நீங்களே சொல்லுங்க வாத்தியாரே, இது அடுக்குமா?"

வாத்தியார் அந்த ஆப்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "ஒரு நிமிஷம் இருங்க சார்," என்று வீட்டுக்கு ஓடினார். உலகத்தில் எனக்காக ஓடவும் ஒரு மனுஷன் இருக்கிறாரே என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

திரும்பி வந்தவர் தலையில் ஒரு ஜன்னல் கதவு இருந்தது.

"மழைல உப்பிப்போய் சாத்தவே முடியல சார்," என்றார் பணிவாக. "இதுவும் நழுவாதுன்னு எங்க வீட்டம்மா அடிச்சுச் சொல்றா. நான் உங்க கட்சி. நழுவும்னு நீங்கதான் நிரூபிச்சுக் காட்டணும்."